ஹிந்துஸ்தான் யூனிலீவரா, போட்டி நிறுவனங்களா? வேலை தேடும் எல்லைக் கிராம இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை

பாறசாலை (திருவனந்தபுரம்): கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலையிலிருந்து சாலை வழியே சிறிது தூரம் சென்றால் தமிழ்நாட்டின் களியக்காவிளை வந்துவிடும். இரு ஊர்க் கடைகளிலும் ஒரே சோப்பும், ஒரே தேயிலைப் பொட்டலமும், ஒரே பிஸ்கட்டும் ஒரே விலைக்கு விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவரின் ஊதியமும், விடுமுறையும், பணிப் பாதுகாப்பும் ஒன்றல்ல. அவர் எல்லையின் எந்தப் பக்கம் வேலை செய்கிறார், அவருடைய நியமன ஆணையில் யாருடைய பெயர் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லைக் கிராமங்களில் பட்டமோ பட்டயமோ முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு, பெரிய நுகர்பொருள் நிறுவனத்தின் பெயர் இன்றும் கவர்ச்சி மிக்கது. நாட்டின் மிகப் பெரிய நுகர்பொருள் நிறுவனமான ஹிந்துஸ்தான் யூனிலீவரைப் பற்றியும் அதன் போட்டியாளர்களைப் பற்றியும் பேசும்போது, 'எது நல்ல நிறுவனம்' என்று கேட்பதே வழக்கம். அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஒரே நிறுவனம் தன் மேலாளருக்கு ஒரு முகத்தையும், ஆலைத் தொழிலாளிக்கு மற்றொரு முகத்தையும், கடை கடையாகச் செல்லும் விற்பனையாளருக்கு வேறொரு முகத்தையும் காட்டக்கூடும்.

எல்லையும் ஊதியமும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தென் வட்டங்களான அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவை அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர்கள் கணிசமாக வாழ்ந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் உறவும் சந்தையும் எல்லை கடந்து தொடர்கின்றன. தொழிலாளர் சட்டமும் குறைந்தபட்ச ஊதியமும் எல்லையோடு நின்றுவிடுகின்றன.

இந்த வேறுபாடு சிறியதல்ல. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்களின் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23ஆம் ஆண்டில் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852.5 ரூபாய், தமிழ்நாட்டில் 500.9 ரூபாய். அதே ஆண்டின் தேசிய சராசரி 393.3 ரூபாய். அதாவது தேசிய சராசரியைவிடத் தமிழ்நாட்டுக் கூலி அதிகம். கேரளக் கூலி அதன் இரு மடங்குக்கும் மேல்.

எனவே இப்பகுதி இளைஞர் ஒருவர் நிறுவன வேலையை எடைபோடும்போது, அந்த நிறுவனத்தின் போட்டியாளர் மற்றொரு சோப்பு நிறுவனம் மட்டுமல்ல. கட்டட வேலை, ரப்பர் பால் வெட்டு, பாலராமபுரம் கைத்தறி, வளைகுடா நாட்டு விசா ஆகிய அனைத்தும் போட்டியில் உள்ளன. மாதம் 26 நாள் வேலை கிடைத்தால், மேற்சொன்ன கேரளச் சராசரிக் கூலி 22,000 ரூபாயைத் தாண்டும். கழுத்துப்பட்டையும் அடையாள அட்டையும் தரும் வேலை அந்தத் தொகையைத் தொடாவிட்டால், அதை ஈடுகட்ட வேறு ஏதேனும் தந்தாக வேண்டும்: தொடர் வருமானம், காப்பீடு, ஓய்வுக்கால நிதி, பதவி உயர்வு ஆகியவையே அவை.

முதலாளிகளும் இந்த வேறுபாட்டை அறிவார்கள். கொல்லம் வட்டாரத்தில் செழித்த முந்திரி ஆலைகள் பல, குறைந்த கூலியை நாடி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பகுதிக்கு இடம் பெயர்ந்த வரலாறு இப்பகுதி மக்களுக்குப் புதிதல்ல. ஆலைக்கு எல்லை தாண்டுவது எளிது. அதில் கொட்டை உடைத்த பெண்களுக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

நியமன ஆணையில் யார் பெயர்?

நுகர்பொருள் நிறுவனமொன்றின் பொருளை நம்பி வாழ்பவர்களைக் குறைந்தது ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கலாம்.

முதல் அடுக்கில், நிறுவனமே நேரடியாக நியமித்த மேலாளர்களும் அலுவலர்களும் உள்ளனர். இரண்டாவது, சொந்த ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர்கள். மூன்றாவது, அதே ஆலைக்குள் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவர்கள். நான்காவது, நிறுவனத்துக்காகப் பொருள் தயாரித்துத் தரும் பிற ஆலைகளில் பணிபுரிபவர்கள். ஐந்தாவது, விநியோகஸ்தரிடம் சம்பளம் பெற்று, கடைகளில் ஆர்டர் எடுக்கும் விற்பனையாளர்கள், சரக்கு வண்டி ஓட்டுநர்கள், பேரங்காடிகளில் நின்று பொருளைப் பரிந்துரைக்கும் விளம்பரப் பணியாளர்கள்.

எல்லைக் கிராமங்களில் கிடைக்கும் வேலைகளில் பெரும்பகுதி இந்த ஐந்தாவது அடுக்கைச் சேர்ந்தது. சட்டையில் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருக்கும். சம்பளம் தருபவர் உள்ளூர் விநியோகஸ்தராக இருப்பார். பல நிறுவனங்களில் விற்பனையாளரின் அன்றாடப் பாதையையும் இலக்கையும் நிறுவனத்தின் செயலியே வகுக்கிறது. ஊக்கத்தொகையும் நிறுவனத்திலிருந்தே வருகிறது. ஆயினும் ஏட்டின்படி அவர் நிறுவன ஊழியர் அல்லர்.

கிராமப்புறப் பெண்களைச் சிறு விற்பனையாளர்களாக்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் 'சக்தி' திட்டம் ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் (இன்றைய தெலங்கானா) தொடங்கி நாடெங்கும் பரவியது. இதில் சேரும் பெண்கள் பொருளை வாங்கி விற்று, இடையில் கிடைக்கும் இலாபத்தைப் பெறும் சிறு வணிகர்கள். வருமானம் உண்டு; ஆனால் மாதச் சம்பளமோ வருங்கால வைப்பு நிதியோ கிடையாது. வேலைவாய்ப்பாக இதைப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

மேலாளர்களின் பயிற்சிப் பட்டறை

முதல் அடுக்கைப் பொறுத்தவரை ஹிந்துஸ்தான் யூனிலீவரின் நற்பெயருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1933-ல் லீவர் பிரதர்ஸ் இந்தியாவாகத் தொடங்கி, 1956-ல் மூன்று நிறுவனங்களின் இணைப்பால் ஹிந்துஸ்தான் லீவராகி, 2007-ல் இன்றைய பெயரைப் பெற்றது இந்நிறுவனம். 1961-ல் பிரகாஷ் டண்டன் அதன் முதல் இந்தியத் தலைவரானார். 1995-ல் பணியில் சேர்ந்த பிரியா நாயர் 2025 ஆகஸ்டில் தலைமைச் செயல் அதிகாரியாகவும் நிர்வாக இயக்குநராகவும் பொறுப்பேற்றார்; அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

அங்குப் பயின்றவர்கள் போட்டி நிறுவனங்களின் தலைமைக்கும் சென்றுள்ளனர். நெஸ்லே இந்தியாவை நீண்ட காலம் வழிநடத்திய சுரேஷ் நாராயணன் தம் பணியைத் தொடங்கியது ஹிந்துஸ்தான் லீவரில்தான். அவருக்குப் பின் 2025 ஆகஸ்டில் அப்பொறுப்பை ஏற்ற மணீஷ் திவாரி, அமேசானுக்குச் செல்லும் முன் யூனிலீவரில் இருந்தவர். கோத்ரெஜ் கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தலைமையை 2021-ல் ஏற்ற சுதீர் சீதாபதியும் அங்கிருந்து வந்தவரே.

இதற்கு மாறான பாதை ஐ.டி.சி. நிறுவனத்துடையது. 1910-ல் புகையிலை நிறுவனமாகத் தொடங்கப்பட்ட அது, உள்ளிருந்தே தலைவர்களை வளர்க்கும் மரபுடையது. 1968-ல் சேர்ந்த ஒய்.சி. தேவேஷ்வர் 1996 முதல் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இன்றைய தலைவர் சஞ்சீவ் புரி 1986-ல் சேர்ந்தவர். காகிதம், வேளாண்மை எனப் பல தொழில்கள் ஒரே குடையின் கீழ் இருப்பதால், நிறுவனத்தை விட்டு வெளியேறாமலேயே துறை மாறும் வாய்ப்பு அங்கு அதிகம்.

விடுப்புக் கொள்கைகளில் பன்னாட்டு நிறுவனங்கள் சட்டத்தை முந்திச் செல்வதுண்டு. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் தாய்மார்களுக்கு 26 வார ஊதிய விடுப்பை உறுதி செய்தது. தந்தையருக்குத் தனியார் துறையில் எந்தச் சட்டமும் விடுப்பு தரவில்லை. பிராக்டர் அண்ட் கேம்பிள் 2021-ல் இந்திய ஊழியர்களான தந்தையருக்கும் 8 வார ஊதிய விடுப்பை அறிமுகப்படுத்தியது. தனியார் வேலைகளை ஒப்பிடும்போது இத்தகைய கொள்கைகளைச் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆனால் மேலாளர் பணிக்கான வாசல் குறுகியது. முன்னணி மேலாண்மைக் கல்லூரிகளிலிருந்தே பெரும்பாலோர் தேர்வு செய்யப்படுகின்றனர். எல்லைக் கிராமத்துக் கலைக் கல்லூரிப் பட்டதாரிக்கு அந்த வாசல் திறப்பது அரிது.

ஆலைகளின் வரலாறு சொல்வது

இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளைப் பற்றிக் கேரளமும் தமிழ்நாடும் நேரடியாக அறிந்த வரலாறு உண்டு. 1917-ல் தொடங்கப்பட்ட டாடா ஆயில் மில்ஸ் நிறுவனம் எர்ணாகுளத்தில் ஆலை நடத்தியது. அந்த இடத்துக்கே டாடாபுரம் என்று பெயர் வந்தது. 'ஹமாம்' சோப்பு அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற தயாரிப்பு. 1993-ல் அந்நிறுவனத்தை ஹிந்துஸ்தான் லீவருடன் இணைக்கத் திட்டமிடப்பட்டபோது, ஊழியர் சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தன. 1994 அக்டோபரில் நீதிமன்றம் இணைப்பை உறுதி செய்தது. டாடா ஆயில் மில்ஸ் ஊழியர்களின் பணித் தொடர்ச்சி முறியாது, பணி நிபந்தனைகள் முன்னிருந்ததைவிடக் குறையாது என்ற ஏற்பாடு இணைப்புத் திட்டத்திலேயே இருந்ததை நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

நிறுவனங்கள் கைமாறுவது நுகர்பொருள் துறையில் வாடிக்கை. 2020 ஏப்ரலில் ஹார்லிக்ஸ் தயாரித்து வந்த கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் ஹிந்துஸ்தான் யூனிலீவருடன் இணைந்தபோது ஏறத்தாழ 3,500 ஊழியர்கள் புதிய நிறுவனத்துக்கு வந்தனர். 2025 டிசம்பரில் அதன் பனிக்கூழ்ப் பிரிவு 'குவாலிட்டி வால்ஸ் இந்தியா' என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே வேலையில் சேரும்போது இருக்கும் நிறுவனப் பெயர், ஓய்வு பெறும்போதும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

தமிழ்நாட்டில் மறக்க முடியாத பெயர் கொடைக்கானல். சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் 1980-களில் அங்குத் தொடங்கிய பாதரச வெப்பமானி ஆலை, பின்னர் யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய பொருள் கடைக்கு விற்கப்பட்டது அம்பலமாகி எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் நோய்களுக்குப் பாதரசம் காரணமல்ல என்று நிறுவனம் தொடர்ந்து மறுத்தது. இறுதியில் 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்கள் சார்பாகச் சங்கத்துடன் உடன்பாடு கையெழுத்தானது. ஆலை மூடப்பட்டதற்கும் உடன்பாட்டுக்கும் இடையே 15 ஆண்டுகள் கடந்துவிட்டன.

மேலாளர்களுக்குப் பயிற்சிப் பட்டறை என்று பெயர் பெற்ற நிறுவனமும், ஆலைத் தொழிலாளர்கள் 15 ஆண்டுகள் காத்திருந்த நிறுவனமும் ஒன்றே. ஒரு நிறுவனத்தை அதன் சிறந்த மேலாளரின் அனுபவத்தை வைத்து மட்டும் மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போட்டியாளர்கள் யார், எங்கே?

வேலை தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது தூரத்தை. நெஸ்லே இந்தியாவின் முதல் ஆலை 1961-ல் பஞ்சாபின் மோகாவில் தொடங்கியது. 1967-ல் தொடங்கிய இரண்டாவது ஆலை நீலகிரி மாவட்டத்தின் சோலாடியில் உள்ளது. 'பாராசூட்' தேங்காய் எண்ணெய் தயாரிக்கும் மாரிக்கோவுக்குப் பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஆலை உண்டு. கோத்ரெஜ் கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் செங்கல்பட்டு மாவட்டத் திருப்போரூரில் 515 கோடி ரூபாய் முதலீட்டை அறிவித்தபோது, பணியிடங்களில் பாதியைப் பெண்களுக்கு அளிப்பதாகத் தெரிவித்தது.

மண்ணின் நிறுவனங்களும் உள்ளன. எம்.பி. ராமச்சந்திரன் 1983-ல் திருச்சூர் மாவட்டத்தில் தொடங்கிய ஜோதி லேபாரட்டரீஸ், 'உஜாலா' நீலத்தால் நாடெங்கும் அறியப்பட்டு, 2011-ல் ஹென்கல் இந்தியாவையே வாங்கியது. அதே 1983-ல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிறு நிறுவனம், பாக்கெட் ஷாம்பு விற்பனையால் வளர்ந்து இன்று கெவின்கேர் ஆகியுள்ளது. அரசுத் துறையில், 1914-ல் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட கேரள சோப்பு ஆலை, இடையில் மூடிக் கிடந்து 2010-ல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

பெரிய நிறுவனம் என்றால் வேலை நிலையானது என்ற நம்பிக்கையும் இன்று ஆய்வுக்குரியது. யூனிலீவர் 2024 மார்ச்சில் உலக அளவில் 7,500 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் 2025 ஜூனில் 7,000 பணியிடங்களையும், நெஸ்லே 2025 அக்டோபரில் 16,000 பணியிடங்களையும் குறைப்பதாக அறிவித்தன. இவை உலகளாவிய எண்ணிக்கைகள். பெரும்பாலும் அலுவலகப் பணிகளைக் குறிப்பவை. எனினும் இந்த ஒரு விஷயத்தில் போட்டியாளர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பதை அவை காட்டுகின்றன.

ஒப்பிடுவதற்கான ஆவணம் எது?

விளம்பரமும் விருதும் ஒப்பீட்டுக்கு உதவா. இந்தியப் பங்கு, பரிவர்த்தனை வாரியமான செபி, 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முன்னணியில் உள்ள 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று விதித்துள்ளது. பெரும்பாலும் ஆண்டறிக்கையோடு சேர்ந்தே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்த அறிக்கை, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வடிவில் அமைந்தது. ஆகவே ஹிந்துஸ்தான் யூனிலீவரையும் ஐ.டி.சி.யையும் நெஸ்லேயையும் பிரிட்டானியாவையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

அதில் வேலை தேடுபவர் கவனிக்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, நிரந்தரத் தொழிலாளர்கள் எத்தனை பேர், நிரந்தரமல்லாதோர் எத்தனை பேர் என்ற கணக்கு. இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், ஆலை வாயிலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலையாகவே இருக்கும். இரண்டாவது, கடந்த மூன்று ஆண்டுகளில் வேலையை விட்டு விலகியோரின் விகிதம். மூன்றாவது, மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் நிரந்தர ஊழியருக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் உண்டா என்ற விவரம். நான்காவது, ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலை ஊதியம். ஐந்தாவது, பணியிட விபத்துகளும் உயிரிழப்புகளும். இதில் தொழிலாளர்களுக்கான எண்ணிக்கையைத் தனியே பார்க்க வேண்டும்.

தொழிற்சங்கத்தில் எத்தனை விழுக்காட்டினர் உறுப்பினர் என்பதும், மகப்பேறு விடுப்புக்குப் பின் எத்தனை பேர் பணிக்குத் திரும்பினர் என்பதும் அதே அறிக்கையில் இருக்கும். இவை தவிர, நிர்வாக இயக்குநரின் ஊதியம் இடைநிலை ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் வெளியிட்டாக வேண்டும்.

இந்த ஆவணத்துக்கும் எல்லை உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு இக்கட்டாயம் இல்லை. விநியோகஸ்தரிடம் வேலை செய்யும் விற்பனையாளர்கள் நிறுவனத்தின் ஊழியர் கணக்கிலும் வருவதில்லை. எல்லைக் கிராமங்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் வேலைதான் அந்த அறிக்கையில் இடம் பெறாத வேலை.

விற்பனையாளருக்குச் சட்டம் தருவது

கடை கடையாகச் சென்று விற்பனையை வளர்ப்பவர்களுக்கெனத் தனிச் சட்டமே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டம் முதலில் மருந்துத் துறைக்கு மட்டும் பொருந்தியது. 2011 ஜனவரியில் மத்திய அரசு அதை மேலும் 10 தொழில்களுக்கு விரிவுபடுத்தியது. அழகுசாதனம், சோப்பு, வீட்டுத் துப்புரவுப் பொருள்கள், குளிர்பானம், பிஸ்கட், இனிப்பு வகைகள் ஆகியவை அவற்றில் அடங்கும். எழுத்துபூர்வ நியமன ஆணையும், பணியாற்றிய காலத்தில் 11-ல் ஒரு பங்கு ஊதிய விடுப்பும், 18-ல் ஒரு பங்கு அரை ஊதிய மருத்துவ விடுப்பும் அச்சட்டம் அளித்த உரிமைகள்.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இந்தச் சட்டமும் கரைந்தது. தொழிலுறவுத் தொகுப்பு, 'தொழிலாளி' என்ற சொல்லின் வரையறைக்குள் விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் சேர்த்துள்ளது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமன ஆணை தருவது கட்டாயமாகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படுவோர் ஐந்து ஆண்டுகள் காத்திராமல், ஓராண்டு பணி முடித்தாலே பணிக்கொடைக்கு உரியவராகின்றனர்.

மறுபுறம், ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான விதிகள் பொருந்துவதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கை 20-லிருந்து 50 ஆக உயர்ந்துள்ளது. சிறு ஒப்பந்ததாரர்களிடம் வேலை செய்வோருக்கு இது பாதகமானது எனத் தொழிற்சங்கங்கள் கூறுகின்றன. கேரள அரசு இத்தொகுப்புகளுக்கு எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. பல பிரிவுகளின் செயலாக்கம் மாநில விதிகளைப் பொறுத்தது என்பதால், எல்லையின் இருபுறமும் நடைமுறை ஒன்றாக இராது.

சம்பளக் கணக்கில் முக்கிய மாற்றம் ஒன்றும் வந்துள்ளது. மொத்த ஊதியத்தில் படிகள் 50 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதி 'ஊதியம்' என்றே கருதப்படும். மாதம் 20,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு அடிப்படை ஊதியம் 6,000 ரூபாய் என்றும் மீதி படிகள் என்றும் காட்டப்பட்டால், வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்துவது 12 விழுக்காட்டின்படி 720 ரூபாய் மட்டுமே. புதிய வரையறையில் ஊதியம் 10,000 ரூபாயாகக் கொள்ளப்படும். முதலாளியின் பங்கு 1,200 ரூபாயாகும். ஊழியரின் பங்கும் அதே அளவு உயர்வதால், கையில் கிடைக்கும் தொகை சற்றுக் குறையலாம். பணிக்கொடையும் இந்த ஊதியத்தின் மீதே கணக்கிடப்படும்: ஓராண்டுப் பணிக்கு 10,000 ரூபாயில் 26-ல் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 5,769 ரூபாய்.

மாநிலச் சட்டங்களில் இரு பக்கமும் ஒன்றையொன்று தொடர்ந்த சம்பவமும் உண்டு. துணிக்கடைப் பெண்கள் நாள் முழுதும் நிற்க வைக்கப்படுவதை எதிர்த்துக் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கத்தின் பயனாக, 2018-ல் கேரளம் கடைப் பணியாளர்களுக்கு அமரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-ல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. பேரங்காடியில் நின்று ஷாம்புவோ தேயிலையோ பரிந்துரைக்கும் பெண்ணுக்கும் அந்த இருக்கையைக் கேட்க உரிமை உண்டு.

எல்லை வேலையில் ஏற்பட்ட மாற்றம்

நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமரவிளைச் சோதனைச் சாவடி ஒரு காலத்தில் சரக்கு வண்டிகள் வரிசையில் நிற்கும் இடம். மாநில விற்பனை வரி இருந்தபோது, நுகர்பொருள் நிறுவனங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் தனிக் கிடங்கு வைத்துக்கொள்வது இலாபகரமாக இருந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி வந்ததும் வணிக வரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. மாநிலத்துக்கு ஒரு கிடங்கு என்ற தேவையும் தளர்ந்தது. கிடங்குகள் ஒன்றிணையும்போது ஓரிடத்தில் வேலை கூடும், மற்றோரிடத்தில் குறையும்.

விநியோகஸ்தர்களும் நெருக்கடியில் உள்ளனர். இணையவழி மொத்த வணிக நிறுவனங்களுக்குக் குறைந்த விலையில் பொருள் தரப்படுவதாகக் கூறி, அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2022 தொடக்கத்தில் முன்னணி நிறுவனங்களுக்கு எதிராக ஒத்துழையாமையை அறிவித்தது. விநியோகஸ்தரின் இலாபம் சுருங்கும்போது முதலில் அடிபடுவது அவரிடம் பணிபுரியும் விற்பனையாளரின் சம்பளமே. ஆகவே பெரிய நிறுவனத்தின் இலாபத்தை மட்டும் பார்த்து, அதன் பொருளை விற்பவரின் வேலை உறுதியானது என்று முடிவு செய்ய முடியாது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

நியமன ஆணையில் முதலாளி என்று குறிப்பிடப்பட்டிருப்பது யார்? நிறுவனமா, ஆள் அனுப்பும் முகமையா, விநியோகஸ்தரா? வேலை பறிபோனால் வழக்குத் தொடுக்க வேண்டியது அந்தப் பெயர் மீதுதான்.

பணியிடம் கேரளமா, தமிழ்நாடா? களியக்காவிளையில் அலுவலகம் இருந்து பாறசாலைக் கடைகளில் வேலை செய்தால், எந்த மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும் என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

சொல்லப்படும் சம்பளத்தில் நிலையான தொகை எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் கிடைப்பது எவ்வளவு? பெட்ரோல் செலவும் கைப்பேசிச் செலவும் தனியே தரப்படுமா? சொந்த இருசக்கர வாகனத்தில் நாளெல்லாம் சுற்றுபவருக்கு, இச்செலவுகள் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் முதல் மாதமே தரப்படுமா? 'உமங்' செயலியில் மாதந்தோறும் பணம் வரவு வைக்கப்படுவதை ஊழியரே சரிபார்க்கலாம். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் திட்டத்தின் வரம்புக்குள் வந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கிடைக்கும். அதற்கு ஊழியர் செலுத்துவது ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி செலுத்துவது 3.25 விழுக்காடு.

கடையில் வசூலாகாத கடனுக்கும், காலாவதியான சரக்குக்கும் யார் பொறுப்பு? விற்பனையாளரின் சம்பளத்தில் அதைப் பிடித்தம் செய்ய நியமன ஆணையில் இடம் உள்ளதா?

விநியோகஸ்தர் மாறினால் பணிக்காலம் தொடருமா, புதிதாகத் தொடங்குமா? பெரிய நிறுவனங்கள் விநியோகஸ்தரை மாற்றுவது சாதாரணம். ஒவ்வொரு முறையும் பணிக்காலம் பூச்சியத்திலிருந்து தொடங்கினால், பணிக்கொடை எட்டாக்கனியாகிவிடும்.

எது நல்ல முதலாளி?

மேலாளர் பதவிக்குச் செல்பவருக்கு ஹிந்துஸ்தான் யூனிலீவர் தரும் பயிற்சிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் இருக்க விரும்புபவருக்கு ஐ.டி.சி.யின் மரபு பொருந்தலாம். குடும்பப் பொறுப்பை முன்வைப்பவர் பிராக்டர் அண்ட் கேம்பிளின் விடுப்புக் கொள்கையைக் கவனிக்கலாம். ஆலை வேலைக்குச் செல்பவருக்கு நிறுவனத்தின் பெயரைவிட, நிரந்தரப் பணியா ஒப்பந்தப் பணியா என்பதும், அந்த ஆலையில் சங்கம் உள்ளதா என்பதும் முக்கியம்.

விநியோகஸ்தரிடம் சேரும் எல்லைக் கிராம இளைஞருக்கோ, பொருளின் விளம்பரப் பெயர் ஒரு பொருட்டே அல்ல. ஒரே தெருவில் இரு வேறு நிறுவனங்களின் பொருளை விற்கும் இரு விநியோகஸ்தர்களில், எவர் மாதம் தவறாமல் வைப்பு நிதி கட்டுகிறாரோ, எவர் சம்பளச் சீட்டும் நியமன ஆணையும் தருகிறாரோ, அவரே நல்ல முதலாளி. அந்த இரண்டு தாள்களும் கையில் இருந்தால், பாறசாலையிலும் களியக்காவிளையிலும் சட்டத்தின் கதவைத் தட்டலாம். இல்லையென்றால், சட்டையில் உள்ள சின்னம் எவ்வளவு பெரியதாயினும் பயன் தராது.